டான்யூப் டெல்டா மீன் சோர்பா, நம்ம குளத்து மீனில்

ருமேனியச் சமையல் என்றாலே எல்லாரும் சர்மாலே செய்து காட்டுகிறார்கள். முட்டைக்கோஸ் இலையைப் புளிக்கவைத்து, உள்ளே பன்றிக் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி மணிக்கணக்கில் வேகவைப்பது. நல்ல சாப்பாடுதான், ஆனால் அதற்கு முழு முட்டைக்கோஸ் குளிரில் வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறவேண்டும், கும்பகோணம் வெயிலில் அது நாறிப்போகத்தான் வாய்ப்பு அதிகம். நமக்குப் பொருத்தமானது அவர்கள் டெல்டாவில் இருக்கிறது. டான்யூப் ஆறு மூன்று பெரிய கிளையாகப் பிரிந்து கருங்கடலில் கலக்கிற இடம், கெண்டையும் கெளுத்தி இனமும் நிறையக் கிடைக்கும். ரஷ்யாவில் தேவாலயச் சடங்குகளை மாற்றியதை ஏற்காமல் வெளியேறி வந்து குடியேறிய லிப்போவான் மீனவர்கள் அங்கே வைக்கிற மீன் சோர்பாவை, அதாவது புளிப்பு சூப்பை, நம்ம குளத்து மீனில் அப்படியே வைக்கலாம்.

முதல் விஷயம், புளியைத் தொடாதீர்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூளும் வேண்டாம், போட்டால் அது மீன் குழம்பு, அதை வைக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இதன் புளிப்பு போர்ஷ் என்கிற தவிட்டுத் தண்ணீரிலிருந்து வருகிறது. (இதே பெயர் கொண்ட, பீட்ரூட் போட்ட உக்ரைன் சூப் வேறு.) அதைச் சமையலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போட்டுவைக்க வேண்டும்.

கோதுமைத் தவிட்டை மாட்டுத்தீவனக் கடையில் வாங்காதீர்கள். மில்லில் அரைத்த கோதுமை மாவைச் சலித்தால் மிஞ்சுவதே போதும். கால் கிலோ தவிடு, ஒரு கைப்பிடி மக்காச்சோள மாவு, இரண்டையும் கழுவிக் காயவைத்த பீங்கான் ஜாடியில் போட்டு, கொதிக்கிற தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கிளறுங்கள். அப்புறம் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டர். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் புளிக்கவைக்க ஏதாவது சேர்க்க வேண்டும். அங்கே போன தடவை போர்ஷின் அடிவண்டலை எடுத்துவைத்திருப்பார்கள், ஹூஷ்டே என்று பெயர். நமக்கு முதல் தடவை அது இருக்காது, அதனால் பழைய சோற்று நீராகாரம் அரை டம்ளர். இட்லி மாவும் வேலை செய்யும், ஆனால் உளுந்து வாடை வரும், எனக்குப் பிடிக்காது. மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள், நாளுக்கு இரண்டு தடவை மரக்கரண்டியால் கலக்குங்கள். குளிர் ஊரில் இதை அடுப்போரம் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள், தஞ்சாவூரில் சித்திரை வெயிலில் மறுநாளே ருசி பார்க்கத் தொடங்கலாம். வாசனை இதமாகவும் ருசி நல்ல புளிப்பாகவும் இருந்தால் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மேலே பூஞ்சணம் பூத்தாலோ, கொழகொழவென்று நூலாக வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மீன் வாங்க நல்ல சமயம் மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்னால், குளம் வற்றிப் பொடிமீன் மலிவாகக் கிடைக்கும்போது. ஆறு பேருக்கு அரைக்கிலோ பொடிமீன், கூடவே ஒரு கிலோ பெரிய மீன், கட்லா, ரோகு, விரால் எதுவானாலும் சரி. ஆற்று வாளை கிடைத்தால் விடாதீர்கள், டான்யூபின் பெரிய சோம் மீன் இருக்கிற அதே குடும்பம். கல் உப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் கழுவினால் சேற்று வாடை போகும். தலையைப் போடுங்கள், செவுளை மட்டும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

பொடிமீன், தலை, இரண்டு பெரிய வெங்காயம், மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு. இது அரைமணி நேரம் மெதுவாகக் கொதித்ததும் துணியில் வடிகட்டி சக்கையைத் தள்ளிவிடுங்கள். தெளிந்த சாற்றில் உருளைக்கிழங்கு, கேரட், குடைமிளகாய் போட்டு வேகவிடுங்கள், அப்புறம் நான்கு தக்காளி. கிழங்கு முழுக்க வெந்த பிறகுதான் மீன் துண்டும் போர்ஷும். புளிப்பு முன்னாலேயே போனால் கிழங்கு எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். மீன் துண்டைப் போட்ட பிறகு கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மீன் வெந்துவிடும். போர்ஷைத் தனிப் பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு, அரை லிட்டரில் தொடங்கி ருசி பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். கடைசியில் அவர்கள் லெவுஷ்டியான் என்ற கீரையைத் தூவி இறக்குவார்கள், அதற்கு நெருங்கிய வாசனை செலரி இலை, திருச்சிப் பெரிய கடைகளில் கிடைக்கும். கொத்துமல்லி போட்டால் ரசமாகிவிடும். ஓமவல்லி வேண்டவே வேண்டாம்.

இதற்குச் சோறு இல்லை, மமலிகா. நம்ம களி போலத்தான், மக்காச்சோளத்தில். அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்து சேர்வதற்கு முன்னால் அங்கேயும் சிறுதானியத்தில்தான் கிண்டினார்கள். கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டால் வெள்ளை ஸ்டார்ச் பாக்கெட் தருவார்கள், அது ஆகாது, மஞ்சள் மக்காச்சோள ரவை வேண்டும். பக்கத்திலேயே பெரம்பலூரில் ஏக்கர் ஏக்கராக விளைகிறது, சுத்தமான மக்காச்சோளத்தை வாங்கி மில்லில் ரவையாக உடைத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு ரவைக்கு மூன்றரைப் பங்கு கொதிக்கும் உப்புத் தண்ணீர், தூவித் தூவிக் கட்டி தட்டாமல் போட்டு, அடிகனமான இரும்புச் சட்டியில் சிறுதீயில் முப்பது நாற்பது நிமிடம் கிண்ட வேண்டும். சட்டி ஓரத்தை விட்டுப் பிரிந்ததும் பலகையில் கவிழ்த்து, ஐந்து நிமிடம் கழித்து நூலால் அறுங்கள். கத்தியில் ஒட்டும், நூலில் ஒட்டாது.

ஒரு முழுப் பூண்டை உப்போடு இடித்து, சூரியகாந்தி எண்ணெய் ஒரு கரண்டியும் சூடான மீன் சாறு இரண்டு கரண்டியும் கலந்தால் முஷ்தேய். மீனைத் தனித் தட்டில் எடுத்துவைத்து இதை மேலே ஊற்றி மமலிகாவோடு சாப்பிடுவார்கள், சாற்றைத் தனியாகக் கிண்ணத்தில் குடிப்பார்கள். காரம் இல்லையே என்று வீட்டில் முனகினால் ஒரு பச்சைமிளகாயைக் கையில் கொடுங்கள், அங்கேயும் சோர்பாவோடு மிளகாயைக் கடித்துக்கொள்கிற வழக்கம் உண்டு.

குடிக்க? சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கிளாஸில் ட்சுய்கா, பிளம் பழத்தில் வடிக்கிற சாராயம். வீட்டில் காய்ச்சலாமா என்று கேட்காதீர்கள், போலீஸ் வரும். மீந்த போர்ஷைக் குளிரவைத்துக் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடியுங்கள். மமலிகா மீந்தால் மறுநாள் துண்டு போட்டு நெய்யில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். ஜாடி அடிவண்டலில் ஒரு டம்ளர் எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் அடுத்த தடவை நீராகாரம் தேவையில்லை.