புற்றுக்காளான்: வாயில் மண் கடிக்காமல் சமைக்க

போன வருஷம் இடி மழைக்கு மறுநாள் ஊரிலிருந்து ஒரு கூடை புற்றுக்காளான் வந்தது. ஊற வைத்தால் மண் கரைந்துவிடும் என்று மொத்தத்தையும் வாளித் தண்ணீரில் கொட்டி அரை மணி நேரம் விட்டேன். காளான் தண்ணீரைக் குடித்துக் கொழகொழத்துப் போனதுதான் மிச்சம், மண் அப்படியே பல்லில் நறநறத்தது. அப்புறம் நாலைந்து தடவை செய்து பார்த்துப் பிடிபட்ட முறை இது.

கறையான் தன் புற்றுக்குள் தானே வளர்க்கும் காளான் இது. அதனால் காம்பு வேர் மாதிரி நீண்டு மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும், செம்மண் அப்பியிருப்பதும் அங்கேதான். தண்ணீர் படுவதற்கு முன்பே, காய்ந்த நிலையிலேயே வேர் நுனியை வெட்டிவிட்டு, குடை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு சின்னக் கத்தியால் காம்பின் தோலை மேலிருந்து கீழே சுரண்டுங்கள். நான் தலைகீழாகப் பிடித்துச் சுரண்டினேன், உதிர்ந்த மண் முழுக்கக் குடையடி மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே போனால் எடுப்பது பெரும் பாடு.

குடை உச்சியில் இருக்கும் மண்ணுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும், காளானுக்கென்று விற்கும் பிரஷ்ஷெல்லாம் தண்டச் செலவு. பிறகு அகலப் பாத்திரத்தில் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீர் எடுத்து, நாலைந்து காளானாக, மடிப்பு கீழே பார்க்க முக்கி அலசி உடனே தூக்கிவிடுங்கள். பூச்சி இருந்தால் கீழே விழும். நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு அலசு, துணியில் பரப்பி ஈரம் வடியட்டும்.

வெட்ட வேண்டாம், காம்போடு சேர்த்து நீளவாக்கில் நார் நாராகக் கையால் பிய்த்தால்தான் கோழிக்கறி மாதிரி மெல்ல வரும்.

இரும்புச் சட்டியை நன்றாகக் காய வைத்து, எண்ணெய் ஊற்றாமல், மூடாமல், பெரிய தீயில் காளானைப் போடுங்கள். சட்டியை நிரப்பாதீர்கள். தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று கொதிக்கும், பயப்பட வேண்டாம், அது வற்றிச் சத்தம் மாறி ஓரம் சிவக்க ஆரம்பித்ததும் அதை எடுத்து வைத்துவிட்டு நல்லெண்ணெய் ஊற்றி, கால் கிலோவுக்குப் பதினைந்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கறிவேப்பிலை வதக்குங்கள். காளானைத் திரும்பப் போட்டு உப்பு, இடித்த மிளகு ஒன்றரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன், இன்னும் ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். கரம் மசாலா போட்டால் நான் பேச மாட்டேன்.

பின்சேர்க்கை: பூண்டு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பது உண்மையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. வெள்ளிக் காசு வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். கொல்லும் காளான்களின் விஷம் வேக வைத்தாலும் போகாது. புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்து, முற்றும்போது அடி மடிப்பு பச்சையாக மாறும் ஒன்று உண்டு, அதைத் தின்றால் வாந்தி, பேதிதான். சின்ன வயதிலிருந்து பறித்துப் பழகியவர் கையால் வந்தால் மட்டும் வாங்குங்கள், நெட்டில் படம் பார்த்து நீங்களே பறிக்கக் கிளம்பாதீர்கள்.

பால் காளானுக்கும் இதேவா என்றால், சுரண்டும் வேலை கிடையாது, ஆனால் காம்பு தடியானது என்பதால் மெல்லிசாகக் கீறிக் குடைக்கு முன்னால் சட்டியில் போடுங்கள். அதைக் காகிதப் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள்கூடச் சமைக்கலாம். புற்றுக்காளான் வந்த அன்றே அடுப்பேற வேண்டும், இல்லாவிட்டால் காலையில் புழு நெளியும்.