அரியலூர் மண்ணில் கடலைத் தேடுவோருக்கு

விடுமுறைக்குத் தமிழகம் வருவோர் பெரும்பாலும் தஞ்சையையும் மதுரையையும் பார்த்துத் திரும்புகின்றனர். அவ்வழியிலேயே இரண்டு நாள்களை அரியலூருக்கு ஒதுக்குவது பயனுள்ளது என்பது என் கருத்து. சென்னை எழும்பூரிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பல தொடர்வண்டிகள் அரியலூரில் நிற்கின்றன. நிலத்தைச் சுற்றிப் பார்க்கும் முன், அருகிலுள்ள வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அங்கே காண்பவற்றைக் கொண்டுதான் வெளியே தெரியும் வறண்ட செம்மண்ணையும் சுண்ணாம்புப் பள்ளங்களையும் புரிந்துகொள்ள முடியும்.

கிரெட்டேசியக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கடல் இப்பகுதிக்குள் பலமுறை ஏறி வந்து பின்வாங்கியது. அதன் அடியில் படிந்த ஓடுகளும் சேறுமே இன்று சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லாக இறுகியுள்ளன. கணவாய் மீனுக்கு உறவான, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற பழங்கால கடலுயிரியின் படிவங்களைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டுங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியபோது, அவை அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருவானவை என்றே நிலவியலாளர் விளக்கினர். முட்டைக் கதை பொய்த்தாலும் டைனோசர் கதை பொய்க்கவில்லை: அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டுப் பாறைகளில் கிடைத்த பேரெலும்புகளைக் கொண்டே புருகத்காயோசாரஸ் என்ற இனம் 1980களில் பெயரிடப்பட்டது.

அடுத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குச் செல்லலாம். அங்கு ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் பாதுகாக்கப்பட்டுள்ளது; கரையோரக் காட்டு மரமொன்று கடலுக்கு அடித்துவரப்பட்டுப் புதைந்து கல்லானது என்பர். இதற்கு எதிர்த்திசையில், கிழக்கே, முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் உள்ளதால், இரண்டையும் ஒரே நாளில் அடக்க முயல வேண்டாம். கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும். மாலை வெயிலில் செல்வதே நன்று.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருவோர், வாரணவாசிக்கு அருகிலுள்ள கரைவெட்டி ஏரியில் வரித்தலை வாத்து உள்ளிட்ட வலசைப் பறவைகளைக் காணலாம்; 2024இல் இது ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய நினைவுச்சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்குவது) உள்ளோருக்கு உள்நாட்டினருக்குரிய கட்டணமே பொருந்தும்; ஆகவே அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். இவ்விடங்களுக்கிடையே பேருந்துகள் குறைவு; வாடகைக் காரை நாள் கணக்கில் பேசிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். ஓடைக்கரையில் படிவம் கண்ணில் பட்டால், படமெடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், ஏனெனில் எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் இல்லாத படிவம் ஆய்வாளருக்குப் பெரிதும் உதவாது.