வரப்பு ஏறும் டிரெய்லருக்குச் சுழலும் கொக்கி

மினி டிராக்டரில் மாட்டிய இரண்டு சக்கர டிரெய்லர் வரப்பில் சாய்வாக ஏறும்போது ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே நிற்கும். கொக்கி திரும்பாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் டிராபாருக்குத்தான் (டிரெய்லரின் முன்னால் நீளும் இழுவைக் கம்பி) போகும். அடிக்கடி வெல்டிங் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சுழலும் கொக்கியை லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். டிராபாரின் நுனியில் கனமான பைப் ஒன்றை வெல்டிங் வைத்து, அதற்குள் சுழல்கிற மாதிரி ஷாஃப்ட் போட வேண்டும். முன்னால் வளையம், பின்னால் வாஷரும் நட்டும். ஷாஃப்ட் சுழலச் சுழல நட்டு கழன்றுவரும். அதனால் நட்டையும் ஷாஃப்டையும் சேர்த்துத் துளையிட்டு ஸ்பிளிட் பின் கட்டாயம் போடுங்கள். பைப்பில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கட்டும், மண் உள்ளே போனால் இறுகிவிடும்.

அப்புறம், டிராக்டரிலிருந்து வரும் பாதுகாப்புச் சங்கிலியை வளையத்தில் மாட்டாதீர்கள். டிராபாரிலேயே மாட்டினால்தான் ஷாஃப்ட் உருவினாலும் டிரெய்லர் நிற்கும். வண்டி திரும்ப இடம் வேண்டும், சங்கிலியைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். சுமை அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால் போதும். பின்னால் கூடினால் கொக்கி மேலே தூக்கும்.