டீச்சரா இருந்த அப்பாயிய பத்தி ஒரு சின்ன புக் போடுறது எப்படி

தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் நிறைய வீட்டுல இப்படி ஒரு அப்பாயி (அப்பாவோட அம்மா) இருந்திருப்பாங்க. விடியக்காலம் வயலுக்கு ஒரு நடை போயிட்டு வந்து, குளிச்சு புடவை மாத்திக்கிட்டு ஊராட்சி ஒன்றிய பள்ளிக்கூடத்துக்கு போவாங்க, சாயங்காலம் வந்ததும் மாட்டுக்கு தண்ணி காட்டுவாங்க. ஊருக்கு டீச்சரம்மா, நமக்கு அப்பாயி. முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு பிளெக்ஸ் அடிக்கிற காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா ஒரு சின்ன புக் போட்டுடலாம், அதுக்கு என்ன பண்ணணும்னுதான் எழுதுறேன்.

"அன்பின் சிகரம், பாசத்தின் இமயம்" எல்லாம் வேண்டவே வேண்டாம். பேரை மாத்துனா பக்கத்து வீட்டு பாட்டிக்கும் அது பொருந்தும். அவங்க என்ன செஞ்சாங்க, எப்படி செஞ்சாங்க, யாருக்கு செஞ்சாங்கனு மட்டும் சேருங்க.

அத்தை, சித்தப்பாகிட்ட கடைசியா போங்க, அவங்களுக்கு அம்மான்னா அழுகைதான் மொதல்ல வரும். அப்பாயிகிட்ட படிச்சவங்களையும் நம்ம வயல்ல நடவு நட்ட அம்மாங்களையும் முதல்ல பாருங்க. அதுலயும் நடவு ஆளுங்கதான் அவசரம், ஏன்னா அவங்கள்ல முக்காவாசி பேருக்கு அப்பாயி வயசுதான். போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சுட்டு (கேட்டுட்டு ஆன் பண்ணுங்க) "அப்பாயி எப்படிப்பட்டவங்க"னு கேக்காதீங்க, "நல்லவங்கப்பா"னு ஒரே வார்த்தையில முடிஞ்சிரும். "கூலிய நெல்லா அளந்தாங்களா, காசா குடுத்தாங்களா, அளந்தது யாரு, நெல் அளக்கிற மரக்கால் தலை தட்டியா கோபுரமாவா"னு கேளுங்க, அப்புறம் அவங்களே பேசுவாங்க. கசப்பா ஏதாவது வந்தாலும் விடாதீங்க. கூலியில கறாரா இருந்தாங்க, வாய்ப்பாடு தெரியலன்னா பிரம்பு எடுப்பாங்கனு சொன்னா அதையும் எழுதுங்க, அப்பதான் மத்ததையும் ஆளுங்க நம்புவாங்க.

இப்ப முக்கியமான வேலை. ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி பன்னெண்டு மாசத்தையும் எழுதி, ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் வயல்னு கோடு போடுங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும், புது பிள்ளைங்க சேர்க்கை, அதே ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தா குறுவை நெல் வேலையும் ஆரம்பிச்சிரும். காலாண்டு பரீட்சை பேப்பர் திருத்துற சமயத்துல குறுவை அறுப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில சம்பா பயிர் முழுகுமான்னு ஒரு பயம், தை மாசம் அறுப்பு, அது முடிஞ்சு உளுந்து பயறு எடுக்கிறப்ப முழு பரீட்சை வந்து நிக்கும். ரெண்டு பக்கத்தையும் நிரப்பி பாத்தீங்கன்னா அவங்களுக்கு எந்த மாசம் மூச்சு விட நேரம் இருந்துச்சுன்னு தெரியும், அனேகமா சித்திரை லீவு மட்டும்தான், அதுலயும் வத்தல் வடகம். இந்த சார்ட்டயே புக்குல நடுப்பக்கமா போடலாம், நான் பாத்த வரைக்கும் இத விட நல்லா எதுவும் அவங்கள காட்டாது.

வருஷம் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது. "எம்ஜிஆர் செத்ததுக்கு முன்னாடியா பின்னாடியா", "ஆடுதுறை 27 நெல் நட்ட காலமா", "77 புயல் அப்ப எந்த ஸ்கூல்ல இருந்தாங்க"னு கேளுங்க. எம்ஜிஆர்னா 1987 டிசம்பர், ஆடுதுறை 27னா 1960கள், புயல்னா 1977 நவம்பர், அத வச்சு மத்தத கோர்த்துக்கலாம்.

பேப்பர்ல தேட வேண்டியது பென்ஷன் புக், டிரான்ஸ்பர் ஆர்டர், பட்டா சிட்டா. பிறந்த தேதிய மட்டும் அப்படியே நம்பாதீங்க, அந்த காலத்துல பள்ளிக்கூடத்துல சேர்க்க வாத்தியார் வசதிக்கு போட்ட தேதியா இருக்கும். டைரி, கணக்கு நோட்டு, காலண்டர் தாள் பின்னாடி எழுதுன பால் கணக்கு, எதையும் தூக்கி போடாதீங்க. தேதி இல்லாத தாளுக்கு எழுத்தையே பாருங்க. 1978ல எழுத்து சீர்திருத்தம் வந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடி லை, னை எல்லாம் மேல கொம்பு போட்டு யானை தும்பிக்கை மாதிரி எழுதுவாங்க, றா, னா வளைஞ்சு இருக்கும். புது எழுத்து இருந்தா பெரும்பாலும் 78க்கு அப்புறம்தான். பழைய எழுத்து இருந்தா ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, போர்டுல புதுசு சொல்லிக்குடுத்தாலும் வீட்டு கணக்குல கை பழசுக்கே போகும். அந்த கையெழுத்துல ஒரு பக்கத்த ஸ்கேன் பண்ணி அப்படியே போடுங்க.

போட்டோ ஆல்பத்துல ஒட்டிக்கிட்டத உரிக்காதீங்க, ஆல்பத்தோடயே வெயில் நேரா படாத வெளிச்சத்துல எடுங்க. ஸ்கூல் குரூப் போட்டோவ பழைய மாணவர் ஒருத்தர்கிட்ட காட்டி இடமிருந்து வலமா பேர் எழுதி வாங்கிடுங்க.

சமையல்ல ஒண்ணே ஒண்ணு போதும், தாளிக்கிற வடகம். அத்தை செய்யும்போது கூட உக்காந்து, அவங்க கையில அள்ளுற உளுந்து, கடுகு, வெந்தயத்த பாத்திரத்துல போடுறதுக்கு முன்னாடி சமையல் தராசுல வாங்கி எடை குறிச்சுக்கோங்க. "ஒரு கை"னு அச்சடிச்சா பேத்திங்களுக்கு உபயோகமே இல்ல.

அச்சுக்கு குடுக்கும்போது பக்கம் எட்டின் மடங்கா இருக்கட்டும், 32 இல்ல 40, நடுவுல ஸ்டேப்லர் அடிச்சா போதும். எழுத்து 14 பாயிண்ட்டுக்கு குறையாம வைங்க, படிக்க போறவங்கள்ல பாதி பேர் கண்ணாடி போட்டவங்க. புரூஃப் வந்ததும் நடவு நட்ட அம்மாங்க சொன்ன பகுதிய அவங்க வீட்டுக்கே போய் சத்தமா படிச்சு காட்டி, சரின்னு சொன்ன அப்புறம் அச்சுக்கு அனுப்புங்க. பேர் போட வேணாம்னு யாராவது சொன்னா பேர எடுத்துடுங்க.