கரண்ட் செயின்சா: புதிதாக வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாயிரம் வாட் மிஷின் ஒன்றும் நீளமான வயரும் வாங்கிவிட்டால் மரம் சாய்க்கத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் பெருகிவிட்டார்கள். அவர்கள் செய்கிற தப்பில் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் நான் தொழில் பழகின காலத்தில் செய்து திட்டு வாங்கியவைதான். லுங்கியோடு அறுக்காதே, ஏணியில் நின்று அறுக்காதே, கண்ணாடி போடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. மிஷினோடு வருகிற தாளிலேயே படம் போட்டிருக்கிறான்.

கீலை அறுத்துவிடுவது

மரம் விழுந்த பிறகு அடிக்கட்டையைப் பார்த்தாலே வெட்டியவனின் லட்சணம் தெரிந்துவிடும். குறுக்கே ஒரு பட்டையாக நார் பிய்ந்து நின்றால் அது வெட்டு. முழுக்க வழவழவென்று இருந்தால் ஆள் பிழைத்ததே அதிர்ஷ்டம்.

விழ வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி வாய் எடுக்கிறோம். ஒன்றரை அடி விட்டமுள்ள மரமென்றால் நாலு அங்குல ஆழம் போதும். பிறகு எதிர்ப்பக்கத்தில், வாயின் மூலையைவிட ஓர் அங்குலம் மேலே, படுக்கையாகப் பின்வெட்டு. இந்த வெட்டு வாய் வரைக்கும் போகவே கூடாது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குலக் கட்டை, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே தடிமனில் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் இது. மரம் சாயும்போது வளைந்துகொடுத்து, திசை மாறாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கட்டைதான்.

பக்கத்து ஊரில் ஒரு பையன், வரப்போரத்துத் தூங்குமூஞ்சி மரம். வாய் ஒழுங்காகத்தான் எடுத்திருந்தான். பின்வெட்டில் கீல் அளவுக்கு வந்தும் மரம் அசையவில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்தினான், அந்தக் கொஞ்சத்தில் கீல் போய்விட்டது. மரம் அடிக்கட்டை மேலேயே உட்கார்ந்து, மிஷினைக் கவ்வி, ஒரு சுற்றுத் திரும்பி பம்புசெட் கொட்டகை மேல் விழுந்தது. ஓடு, சுவர், மிஷின் மூன்றும் காலி. கூலி போக அவன் கையிலிருந்தும் கொடுத்தான். “கயிறு கட்டித்தானே அண்ணே இழுத்தோம்?” என்று என்னிடமே கேட்கிறான். கீல் இல்லாத மரத்தைக் கயிறு உச்சியில் இழுக்கும், அடி இஷ்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

கீல் அளவுக்கு வந்தும் மரம் அசையவில்லை என்றால் அதற்கு மேல் அறுக்கிற வேலை கிடையாது. ஆப்பு அடிக்கிற வேலைதான். மரம் அல்லது பிளாஸ்டிக் ஆப்பு. இரும்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போய்விடும். பின்வெட்டு பாதி போனதுமே, பாருக்கு, அதாவது செயின் ஓடுகிற நீளத் தகட்டுக்கு, பின்னால் இடம் கிடைத்தவுடன் ஆப்பைச் செருகிவிடுங்கள். பிறகு செருகலாம் என்றிருந்தால் மரம் பின்னால் உட்கார்ந்துவிடும்.

இன்னொரு விதமாகவும் கீலைக் கெடுப்பார்கள். நிற்கிற பக்கத்தை மட்டும் பார்த்து அறுத்துக்கொண்டே போவார்கள், எதிர் ஓரத்தில் பாரின் நுனி கீலைத் தின்றிருக்கும். கட்டை எந்தப் பக்கம் தடிமனாக நிற்கிறதோ அந்தப் பக்கம் மரம் இழுத்துக்கொண்டு போகும். நடுநடுவே விசையை விட்டுவிட்டு மறுபக்கம் எட்டிப் பாருங்கள். கரண்ட் மிஷினில் ஒரு வசதி, விசையை விட்டதும் சத்தம் நின்றுவிடும். நார் முறிகிற ஓசை காதில் விழும். அதைக் கேட்கிற நேரத்தில் காதில் பாட்டு மாட்டியிருக்கிற ஆட்களை என்ன சொல்ல!

தென்னை, பனையில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அவற்றுக்கு வைரம் வெளியே, உள்ளே மெத்தென்ற சோற்றி. கீல் ஒரே சீராக வளையாது. வீட்டோரத் தென்னையை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறவரிடம் விட்டுவிடுங்கள்.

வயர்

2,000 வாட் மிஷின் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். டேபிள் ஃபேனுக்குப் போடுகிற வயரில், அதையும் சுருளைப் பிரிக்காமல் ஓட்டினால் வயர் உருகும், வோல்டேஜ் இறங்கி மோட்டாரும் புகையும். முப்பது மீட்டர் தூரமென்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், லைனில் கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதைவிட முக்கியம், மரம் சாயும்போது நீங்கள் விலகிப் போகிற வழி விழும் திசைக்கு நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் சாய்வாக. அந்த வழியில் வயர் கிடக்கக் கூடாது.

எண்ணெய்

கரண்ட் மிஷினில் செயினுக்கு எண்ணெய் தேவையில்லை என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. தேவை. பழைய எஞ்சின் ஆயில் ஊற்றாதீர்கள்.

பாரின் மூக்கு

மூக்கின் மேல்பாதி எதிலும் படக் கூடாது. பட்டால் மிஷின் முகத்துக்கு வரும்.

சாய்ந்தே வளர்ந்த சவுக்கு, தைலமரம்

பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே நெடுக்காகப் பிளந்து எகிறும். பழகும் வரை தொடாதீர்கள்.

புயலில் விழுந்த மரம்

2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு தோப்புத் தோப்பாக மரம் அறுத்தோம். கிடக்கிற மரம்தானே என்ற அலட்சியத்தை அப்போது நிறையப் பார்த்தேன். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்குகிற மரத்தை மேலிருந்தே அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து முடியுங்கள். வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும் பாரம் போய், வேர்மண் அப்படியே நிமிர்ந்து பழைய குழிக்குள் உட்காரும். அறுக்கும்போது அந்தக் குழியில் ஆளோ ஆடோ இருக்கக் கூடாது.

மின்கம்பி ஓரம்

மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகு.