அரசியல் வழக்குகளும் உயர் நீதிமன்றமும்: வன்னியில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான ஒரு வர்த்தமானி அறிவித்தல், வடக்கு மாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு உரித்துக் கோருவோர் மூன்று மாதத்துக்குள் தங்கள் கோரிக்கையை முன்வைக்க வேண்டும் என்றும், தவறினால் அக்காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்றும் கூறியது. அதில் 1,703 ஏக்கர் முல்லைத்தீவு மாவட்டத்துக்கும், 515 ஏக்கர் கிளிநொச்சிக்கும், 54 ஏக்கர் மன்னாருக்கும், மிகுதி யாழ்ப்பாணத்துக்கும் உரியது. 2009இல் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பதுங்குகுழியில் விட்டுவிட்டு உயிரோடு வந்தவர்களுக்கும், உரித்தாளர்கள் தமிழ்நாட்டு முகாம்களிலும் கனடாவிலும் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்கும் மூன்று மாதம் என்பது எதற்கும் போதாத காலம். விடயம் இலங்கையின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஜூன் 27ஆம் திகதி அந்த அறிவித்தலை நடைமுறைப்படுத்துவதைத் தடுத்து இடைக்கால உத்தரவு வந்தது. அரசாங்கமும் அந்த அறிவித்தலைக் கைவிட்டது. உடனே ஊரில் எழுந்த பேச்சு, "காணி தப்பிவிட்டது, அது எங்களுடையது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்பதுதான்.

நீதிமன்றம் அப்படி எதையும் சொல்லவில்லை. வழக்கு முடியும்வரை நிலைமை கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வதே இடைக்கால உத்தரவின் வேலை. மனுவில் கேட்கப்பட்டதும் அந்த அறிவித்தல் சட்டப்படி சரியா என்பதே தவிர, மாத்தளனில் உள்ள இன்ன துண்டு இன்னாருக்கு உரியதா என்பது அல்ல. அந்த அறிவித்தலுக்கு அடிப்படையான காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் அப்படியே இருக்கிறது. வேறொரு வடிவில் இன்னோர் அறிவித்தல் வரவே முடியாது என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை. ஆகவே அந்த உத்தரவால் கிடைத்த அவகாசத்தைக் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியைத் தேடவும், பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரக் கோவை இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கவும் பயன்படுத்தியிருக்க வேண்டும். வெற்றி என்று எண்ணி ஓய்ந்துவிட்ட குடும்பம், அடுத்த அறிவித்தல் வரும்போது அதே வெறுங்கையோடுதான் நிற்கும்.

இன்னொரு பிழை, தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்து இந்தியாவில் நடப்பதெல்லாம் இங்கும் நடக்கும் என்று எதிர்பார்ப்பது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று இந்திய நீதிமன்றங்கள் பின்னரும் இரத்துச் செய்யலாம். இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை அந்த வாசலை மூடிவிட்டது: சபாநாயகரின் சான்று பதியப்பட்டுச் சட்டமூலம் சட்டமானதும், அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் சட்டமூலங்களைப் பரிசீலிக்கவென்றே தனியான அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று இருந்தது. 1978இல் அது ஒழிக்கப்பட்டு, அந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் சேர்ந்தது. எனவே ஒரு சட்டத்தை எதிர்ப்பதென்றால் அது சட்டமூலமாக நாடாளுமன்ற ஒழுங்குப்பத்திரத்தில் வைக்கப்பட்ட உடனேயே, மிகக் குறுகிய கால எல்லைக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றத்துக்கும் மூன்று வாரந்தான் அவகாசம். சட்டம் வந்த பின்னர் புதுக்குடியிருப்பிலும் கிளிநொச்சியிலும் நடத்தும் கண்டன ஊர்வலத்துக்கு அரசியல் பெறுமதி இருக்கலாம், சட்டப் பெறுமதி இல்லை.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையை 2017 செப்டெம்பரில் எல்லோரும் கண்டோம். மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்தின் முக்கியமான மாற்றங்கள், நாடாளுமன்றம் வாசகம் வாசகமாகப் பரிசீலிக்கும் குழுநிலையில் புகுத்தப்பட்டன. உயர் நீதிமன்றம் பார்த்த சட்டமூலம் ஒன்று, நிறைவேறிய சட்டம் வேறொன்று. நிறைவேறியதும் கேட்க வழியில்லை. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடக்காமல் போனதற்கு எல்லை நிர்ணயத்தைத் தொங்கவிட்ட அந்தச் சட்டம் ஒரு பிரதான காரணம். மாகாண சபை இல்லாமைக்கு நீதிமன்றத்தையே குறை சொல்வோர் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சட்டத்தைக் கேட்க முடியாது என்பதற்காக, அச்சட்டத்தின் கீழ் அதிகாரி செய்யும் செயலையும் கேட்க முடியாது என்று நினைப்பது நேரெதிரான பிழை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கிறது. அதை இரத்துச் செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்க முடியாது. ஆனால் அதன் கீழ் உங்கள் மகனைக் காரணமின்றிக் கைது செய்தார்கள், அடித்தார்கள் என்றால், அது 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு உரிய விடயம்.

அந்த மனுவுக்கு உள்ள கால எல்லை ஒரு மாதம். அரசியல் சூடுள்ள விடயங்களில் மக்கள் மிக அதிகமாக இழப்பது இந்த ஒரு மாதத்தில்தான் என்பது என் கணிப்பு. சம்பவம் நடந்ததும் கிராம அலுவலரிடம் போகிறோம், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரிடம், பிறகு ஆளுநருக்கு மகஜர், பிறகு ஜனாதிபதிக்கு மகஜர். எல்லா இடத்திலும் "பார்ப்போம்" என்ற பதில் கிடைக்கிறது. கொழும்பில் சட்டத்தரணியைச் சந்திக்கும்போது நாற்பதாவது நாள் கடந்திருக்கிறது. மகஜர் கொடுத்ததால் கால எல்லை நின்றுவிடாது. இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு: அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து, அதன் விசாரணை நிலுவையில் இருந்தால், அந்த விசாரணைக் காலம் ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது என்பதைக் காட்ட வேண்டும். ஆகவே ஆணைக்குழுவுடன் நடந்த ஒவ்வொரு கடிதத் தொடர்பையும் திகதி வாரியாகக் கோவைப்படுத்தி வைத்திருப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதும் சரியல்ல. சட்டவிரோதத் தடுத்துவைப்புக்கு எதிரான ஆட்கொணர்வு மனுவை வவுனியா மேல் நீதிமன்றமே ஏற்கலாம்; மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் திருத்தத்தின் 154P உறுப்புரை அந்த அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. மாறாக, அரச காணியிலிருந்து வெளியேறும்படி தரப்படும் அறிவித்தலை எதிர்த்து எழுத்தாணை (அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யும் அல்லது தடுக்கும் நீதிமன்றக் கட்டளை) கேட்பவர்கள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போய் ஏமாறக்கூடும். 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்கு வெளியே நிற்கிறது; எனவே அந்த மனு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கு மாகாண சபைக்கு வாக்களித்து ஐந்தே நாளில் அது வந்ததால், வடக்கைக் குறிவைத்து எழுதப்பட்டது என்றே பலர் இன்றும் எண்ணுகிறார்கள். வழக்கோ நுவரெலியா மாவட்டத்துப் பெருந்தோட்டக் காணி ஒன்றைப் பற்றியது. எந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் என்ற கேள்வியிலிருந்து அது பிறந்தது. அதன் விளைவு வடக்கைப் பாரதூரமாகப் பாதிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை, அதன் தர்க்கத்தை விமர்சிக்கப் போதிய இடமும் உண்டு. ஆனால் வழக்கின் பின்னணியைத் தெரியாமல் செய்யும் விமர்சனத்தைக் கொழும்பில் எவரும் பொருட்படுத்துவதில்லை.

2006 ஒக்டோபர் 16ஆம் திகதிய தீர்ப்புக்கும் இதுவே நேர்ந்தது. வடக்குக் கிழக்கு இணைப்பு சட்டப்படி வலிதற்றது என்று பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் குழாம் சொன்னது. "இனி இணைக்கவே முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று இரு பக்கத்தாரும், ஒரு பக்கம் மகிழ்ச்சியோடும் மறு பக்கம் கசப்போடும், திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நீதிமன்றம் பார்த்தது 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன கையாண்ட வழியை: மாகாண சபைகள் சட்டம் விதித்த நிபந்தனைகளை அவசரகால ஒழுங்குவிதி ஒன்றால் மாற்றி, அதன்மேல் பிரகடனம் செய்ய முடியுமா என்பதை. முடியாது என்பதே பதில். அடுத்தடுத்த இரண்டு அல்லது மூன்று மாகாணங்களை ஒரே நிர்வாக அலகாக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று கூறும் 154A(3) உறுப்புரை இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது. அதைச் செய்யும் அரசியல் விருப்பம் தெற்கில் இல்லை என்பது வேறு பிரச்சினை. அந்தப் பிரச்சினைக்கு நீதிமன்றம் விலாசம் அல்ல.

சில வேளைகளில் நீதிமன்றம் கேள்வியையே தொடாமல் விலகிக்கொள்ளும். அதைத் தோல்வி என்றோ வெற்றி என்றோ வாசிப்பதும் பிழை. தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அரச ஊழியர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், அச்சட்டம் வலிதற்றது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது, ஆனால் சம்பளத்துக்காக அரச ஊழியர் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுக்க முடியாது என்ற காரணத்தால். 1969இல் இலண்டனில் இருந்த அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான கோமறைக் கழகம் அந்தக் காரணம் பிழை என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்ற மூலக் கேள்விக்கு எந்த மேல் மன்றமும் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

நீதிமன்றம் எப்போதும் "அவர்களுடையது" என்ற முன்முடிவு வன்னியில் ஏன் வேரூன்றியது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எனினும் பதிவுகள் அவ்வளவு எளிமையானவை அல்ல. 2012இல் வறுமை ஒழிப்புத் திட்டம் பற்றிய திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் கருத்துப் பெறப்பட வேண்டும் என்றும், சபையே இல்லாத வடக்கில் ஆளுநரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்றும் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார். சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடர்பான வழக்கில் தீர்ப்பு வந்தது. 2018 டிசெம்பர் 13ஆம் திகதி, நாடாளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று ஏழு நீதியரசர்கள் ஏகமனதாகச் சொன்ன வழக்கு இரா. சம்பந்தனின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. தீர்ப்பை விமர்சிக்கலாம், நீதிமன்ற அவமதிப்புப் பற்றிய 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் நியாயமான விமர்சனத்துக்கு இடம் தருகிறது. நீதிபதியைத் தாக்குவது வேறு. விகாரை அமைப்பது தொடர்பான குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனதைக் கண்ட நமக்கு அந்த வேறுபாட்டை எவரும் விளக்கத் தேவையில்லை.

தீர்ப்பு கிடைத்தால் அது தானாகவே நிறைவேறும் என்று நம்புவது எல்லாவற்றிலும் பெரிய பிழையாக இருக்கலாம். உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒதுக்கிய நிதியை மறிக்கக்கூடாது என்று 2023 மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. நமக்கு இன்னும் அருகில், 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் அருகே, முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளையையும் மீறிப் பௌத்த தேரர் ஒருவரின் உடல் பொலிஸார் பார்த்திருக்கவே தகனம் செய்யப்பட்டது. இறுதிப் போரில் இராணுவத்திடம் சரணடைந்தோர் பற்றி 2013இல் தாக்கல் செய்யப்பட்ட ஆட்கொணர்வு மனு ஒன்றில், சரணடைந்தவரை முன்னிலைப்படுத்தும்படி 2022 டிசெம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம் உத்தரவிட்டது. உறவுகள் இன்னும் படத்தோடு வீதியோரம் இருக்கிறார்கள். இதனால் வழக்கு வீண் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பை நிறைவேற்றச் செய்வதற்கு வேறு மனுக்களும் வேறு அழுத்தங்களும் வேண்டும், அவற்றுக்கான பணத்தையும் ஆட்பலத்தையும் வழக்குத் தொடங்கும்போதே கணக்கிட வேண்டும் என்கிறேன்.

கடைசியாக, வாசிப்பு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அதன் இணையத்தளத்தில் வெளியாகின்றன. நமக்கு வருவது யாரோ ஒருவர் அவசரத்தில் தட்டிய நான்கு வரி. வழக்கின் தரப்பினருக்கு மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை 24ஆம் உறுப்புரை தருகிறது. கேட்காததால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. தீர்ப்பை வாசிப்பவர் முதலில் மனுவின் இறுதிப் பக்கத்தில் என்ன நிவாரணம் கேட்கப்பட்டது என்பதையும், பிறகு தீர்ப்பின் முடிவில் என்ன கட்டளை வழங்கப்பட்டது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நடுவில் உள்ள காரணங்களுக்குப் போக வேண்டும். எத்தனை நீதியரசர்கள் எந்தக் காரணத்துக்காக எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் எண்ண வேண்டும். பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலத்தை 1987இல் பரிசீலித்த ஒன்பது பேரில் நால்வர் சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை என்றனர், நால்வர் தேவை என்றனர், நீதியரசர் ரணசிங்க மட்டும் குறிப்பிட்ட சில ஏற்பாடுகளுக்கே அது தேவை என்று தனித்து எழுதினார். அந்த ஏற்பாடுகளைத் திருத்திக்கொண்டுதான் நாடாளுமன்றம் அவ்வாண்டு நவம்பரில் அதைச் சட்டமாக்கியது.