விசைப்படகுக்கு எஸ்.எஸ். வால்வும் ஃபிட்டிங்கும்: எதை எங்கே போடலாம், எப்படி முடுக்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையேறிக் கிடக்கும் இந்த 61 நாளை விட்டால், நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வைக் கழற்றிப் பார்க்க நல்ல நேரம் கிடைக்காது. பெயின்ட் வேலைக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். எல்போ, டீ, நிப்பிள், யூனியன் எது என்று தெரியும் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

படி 1: நீர்மட்டக் கோடு போடுங்கள்

ஐஸ், டீசல், மீன் எல்லாம் ஏற்றிய நிலையில் தண்ணீர் எதுவரை வரும் என்று உள்பக்கம் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே, தளம் கழுவும் லைன் போன்ற கடல்நீர் பைப்புகளுக்கு 316 கிரேடு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எவர்சில்வர்) நல்ல தேர்வு. கேபினுக்குள் ஓடும் நன்னீர் லைனுக்கு 304 கிரேடு போதும்.

கோட்டுக்குக் கீழே, படகின் உடலைத் துளைத்து வரும் ஃபிட்டிங்குக்கும் அதன்மேல் நிற்கும் முதல் வால்வுக்கும் எஸ்.எஸ். வேண்டாம், கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) வாங்குங்கள். விலை குறைவு என்று சாதாரணப் பித்தளையைப் போட்டால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை உறிஞ்சிவிடும். உலோகம் செம்பு நிறமாகி, ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போதே பொறுக்கென்று உடையும்.

துருப்பிடிக்காத எவர்சில்வரை ஏன் கீழே போடக்கூடாது? எஸ்.எஸ்ஸைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் குரோமியம் ஆக்ஸைடு படலம். கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் இருந்தால் அது மறுபடி மூடிக்கொள்ளும். மரைக்குள்ளும் கேஸ்கெட்டுக்கு அடியிலும் கடல்நீர் அசையாமல் தேங்கும்போது அங்குள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், உப்பு செறியும், அமிலம் சேரும். படலம் கிழிந்தால் பிறகு மூடாது. வெளியே பளபளவென்றிருக்கும் நிப்பிளைக் கழற்றினால், மரையின் கடைசி இரண்டு மூன்று சுற்றில் ஊசி குத்தியது போல் கரும்புள்ளிகள் தெரியும். புள்ளி சிறிதுதான், குழி ஆழம். 316-க்கும் இது வரும். 304-க்குச் சீக்கிரம் வரும்.

படி 2: கடையில் கிரேடு பார்ப்பது

“எஸ்.எஸ்.தான் சார்” என்பது பதில் இல்லை. அதே பளபளப்பில் 202-ம் விற்கிறார்கள். அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், உப்புக்காற்றுக்கே தாங்காது. 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. நாம் கொடுக்கும் அதிக விலை அதற்குத்தான்.

காந்தத்தை நம்பாதீர்கள். 202, 304, 316 மூன்றிலும் அது ஒட்டாது. ஆனால் வார்ப்பில் செய்த நல்ல 316 வால்வை லேசாக இழுக்கக்கூடும். வார்ப்பு வால்வின் உடம்பில் உள்ள எழுத்தைப் படியுங்கள்: சி.எஃப்.8 என்றால் 304-க்கு இணை, சி.எஃப்.8.எம் என்றால் 316-க்கு இணை. அந்த ஒரு ‘எம்’ இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். எழுத்து இருந்தாலும் அது உடம்புக்கு மட்டும்தான். உள்ளே பாலும் (துளையுள்ள உருண்டை) ஸ்டெம்மும் (அதைத் திருப்பும் தண்டு) 304 ஆக இருக்கலாம், பில்லில் மூன்றையும் எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், 9 வோல்ட் பேட்டரி வைத்துச் செய்யும் மாலிப்டினம் சொட்டுச் சோதனை கிட் இருக்கிறது. மாலிப்டினம் இருந்தால் சொட்டின் நிறம் மாறும்.

வால்வு என்றால் ஃபுல் போர் (உள்துளை பைப்பின் அளவுக்கே உள்ள) பால் வால்வுதான். கேட் வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இருட்டில் தெரியாது. பால் வால்வில் கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். கைப்பிடியின் நட்டும் எஸ்.எஸ்ஸா என்று பாருங்கள். முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

படி 3: மரை பொருந்துகிறதா

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு) மரை. இறக்குமதி இன்ஜின் பாகங்களிலும் ஸ்ட்ரெய்னர்களிலும் (வடிகட்டிகளிலும்) என்.பி.டி. (அமெரிக்க அளவு) வரலாம். அரை இன்ச், முக்கால் இன்ச் இரண்டிலும் இந்த இருவகை மரைக்கும் இன்ச்சுக்கு 14 சுற்றுதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறும், இறுகியது போலவும் இருக்கும். ஆனால் மரைக்கோணம் பி.எஸ்.பி.க்கு 55 டிகிரி, என்.பி.டி.க்கு 60 டிகிரி. இடையில் சுருள் வழி ஒன்று திறந்தே இருக்கும். எவ்வளவு டேப் சுற்றினாலும் இன்ஜின் அதிர்வில் கசியும். ஒரு இன்ச் பைப்பில் பி.எஸ்.பி.க்கு 11, என்.பி.டி.க்கு 11.5 சுற்று என்பதால் சில சுற்றிலேயே சிக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மரையை அளந்து பார்க்கும் மரை கேஜ் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள்.

படி 4: முடுக்குதல்

எஸ்.எஸ். மரையை எஸ்.எஸ். மரைக்குள் வெறுமனே முடுக்கினால் பாதியில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையைத் துணியால் துடைத்து, தடிமனான டெஃப்லான் டேப்பை மரை முனை உங்களைப் பார்த்திருக்க வலச்சுற்றாக 4, 5 சுற்று சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிடுங்கள். அங்கே சுற்றிய டேப் பிய்ந்து பம்ப் இம்பெல்லரில் (சுழலும் இறக்கையில்) போய்ச் சிக்கும். டேப்பின் மேல் மெல்லியதாகப் பைப் பேஸ்ட். கையால் இறுகும்வரை, பிறகு ஸ்பானரில் ஒன்றரை முதல் இரண்டு சுற்று, மெதுவாக. பைப் ரெஞ்ச் வேண்டவே வேண்டாம். அதன் பல் பதிந்த இடத்தில் இரும்புத் துகள் ஒட்டி, சில வாரத்தில் பழுப்புக் கோடு விழும். இதே காரணத்துக்காக எஸ்.எஸ்ஸை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்.

ஹோஸ் நிப்பிளில் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கமாக. பட்டை மட்டும் எஸ்.எஸ்., திருகு இரும்பு என்ற கிளிப் நிறைய வருகிறது. திருகு இரும்பா என்று பார்க்க மட்டும் காந்தம் உதவும்.

படி 5: இறக்கியதும்

படகு தண்ணீரில் இறங்கியதும் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒற்றுங்கள். இன்ஜினை அரைமணி நேரம் ஓட்டி மறுபடி ஒற்றுங்கள். கைக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், அது உடைந்தால் உடனே அடைக்க, துளைக்குப் பொருந்தும் மரக்கட்டை ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பிறகு சேர்த்தவை

ஸ்டீல் படகு வைத்திருப்பவர்கள் கேட்டது: கன்மெட்டலையோ எஸ்.எஸ்ஸையோ ஸ்டீல் உடலில் நேராகப் பூட்டினால் அரிபடுவது படகின் தகடுதான். தடித்த ஸ்டீல் குழாயும் ஃபிளேஞ்சும் வெல்டு செய்து, மின்கடத்தாத கேஸ்கெட் வைத்து, போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவும் வாஷரும் போட்டு வால்வைப் பூட்டுங்கள்.

சூடான புகைக்குழாயில் கடல்நீர் கலக்கும் இடத்தில் 316-ம் வெடிப்பு விடுகிறது என்று சிலர் எழுதினார்கள். சுமார் 60 டிகிரிக்கு மேல், உப்பும் இழுவிசையும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அந்த எல்போவை ஆண்டுதோறும் கழற்றி உள்பக்கம் பாருங்கள்.

கடல்நீர் லைனில் எஸ்.எஸ். பால் வால்வை மாதக்கணக்கில் மூடியே வைக்காதீர்கள். பாலுக்குள் அடைபட்ட கடல்நீர் அங்கேயே தேங்கி அரிக்கும். படகு கரையேறியதும் திறந்து, நன்னீர் விட்டு, திறந்தபடியே விடுங்கள்.